இன்ஜின் நம்பரைக் கேட்டவரிடம்தான் இப்போது வாங்குகிறேன்

என்னிடம் இருப்பது 1966 ட்ரயம்ப் பானவில் டி120 என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள். இன்ஜின் நம்பர் டி.யு. (DU) என்று தொடங்கும். வண்டி கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை பிரிட்டனில் ஏழெட்டுப் பேரிடம் உதிரி பாகம் வாங்கியிருப்பேன். இன்றைக்கும் தொடர்ந்து வாங்குவது இரண்டே பேரிடம். மற்றவர்களை ஏன் விட்டேன், இந்த இருவரில் ஒருவரை ஏன் விடவில்லை என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

முதலில் அடி வாங்கியது நட்டு போல்ட்டில். பார்க்கப் பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் செட். '1963 முதல் 1970 வரை எல்லா 650 சி.சி. வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தார்கள். நம்பி வாங்கினேன். பின் மட்கார்டு ஸ்டேயில் ஒரு நட்டை ஏற்றினேன். இரண்டு சுற்று சுலபமாகப் போனது, மூன்றாவது சுற்றில் இறுகிக்கொண்டது. துரு இருக்கும் என்று நினைத்து ஸ்பேனர் போட்டுத் திருகினேன். அறுபது வருடம் தாங்கிய மரை ஒரு நொடியில் போயிற்று.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. 5/16 அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் சைக்கிள் மரை என்றால் அங்குலத்துக்கு 26 சுற்று, பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் நுண்மரை என்றால் 22, பின்னால் வந்த யு.என்.எஃப். மரை என்றால் 24. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். 1/4 அங்குலத்தில் இன்னும் வம்பு. அங்கே சைக்கிள் மரையும் 26, பி.எஸ்.எஃப். மரையும் 26. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. நட்டு ஏறிவிடும், பிடித்த மாதிரியும் இருக்கும். வண்டி ஓட ஓட அதிர்வில் தளர்ந்துவிடும். என் வண்டிக் காலத்தில் சைக்கிள் மரையும் மற்ற பிரிட்டிஷ் மரைகளும் கலந்துதான் இருந்தன. யு.என்.எஃப். அறுபதுகளின் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அந்த செட்டில் பாதிக்கு மேல் யு.என்.எஃப். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் '1963 முதல் 1970 வரை' என்று ஒரே வரியில் எழுதவே மாட்டார். இப்போதெல்லாம் அப்படி ஒரு வரியைப் பார்த்தாலே அந்தக் கடையை விட்டு விலகிவிடுகிறேன்.

இரண்டாவது அனுபவம் இதற்கு நேர் எதிர். வால்வைத் தூக்கும் கம்பி போகிற புஷ்ராட் குழாயின் அடியில் ஆயில் லீக். ட்ரயம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று இடத்தில் சீல் வாங்கிப் போட்டேன், மூன்று முறையும் ஒழுகியது. நாலாவதாக ஒரு சின்னக் கடைக்கு போன் செய்தேன். எடுத்தவர் வயதானவர். சீல் வேண்டும் என்றதும் விலை சொல்லவில்லை. "இன்ஜின் நம்பர் என்ன?" என்றார். சொன்னேன். "குழாய் பழையதா, யாராவது மாற்றியிருக்கிறார்களா? ஹெட் கேஸ்கட் தடிமன் எவ்வளவு? சிலிண்டர் ஹெட்டை எப்போதாவது சீவியிருக்கிறார்களா?" எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை.

அவர் சலித்துக்கொள்ளவில்லை. "சீல்களைப் போட்டு, குழாயை நிறுத்தி, கேஸ்கட் வைத்து ஹெட்டைச் சும்மா மேலே உட்கார வையுங்கள். போல்ட்டை முறுக்காதீர்கள். ஹெட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். அந்த அளவுதான் சீல் நசுங்கப்போகிற அளவு. குறைவாக இருந்தால் ஒழுகும். அதிகமாக இருந்தால் ஹெட் சரியாக உட்காராது, கேஸ்கட் போய்விடும். அளந்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் எதுவும் வாங்க வேண்டாம்" என்றார்.

வாங்க வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அளந்தேன். இடைவெளியே இல்லை. மூன்று முறையும் எனக்கு வந்தது மெல்லிய சீல். தடிமனான சீலை அவர் ஒரு சின்ன கவரில் போட்டு அனுப்பினார், மேலே அளவைப் பென்சிலால் எழுதியிருந்தார். நாலு வருடமாக அந்த இடம் காய்ந்தே இருக்கிறது.

*

என் வண்டி நார்ட்டன் கமாண்டோ, 1972. நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் கதை பேரிங் பற்றியது.

கமாண்டோக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1972-இல் வந்த காம்பாட் என்ற வகை இன்ஜின்களில் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் வெகு சீக்கிரம் போனது. அதற்குத் தீர்வாக நார்ட்டன் போட்டதுதான் சூப்பர்பிளெண்ட் என்கிற ரோலர் பேரிங். ரோலரின் இரண்டு முனையும் மிக நுண்ணிய அளவில் சரிந்திருக்கும். வேகத்தில் கிராங்க் கொஞ்சம் வளைந்தாலும் ரோலரின் ஓரம் தடத்தைக் குத்தாது. வெளிப்பார்வைக்கு சாதாரண ரோலர் பேரிங் மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் உள்ளே.

'சூப்பர்பிளெண்ட் டைப்' என்று போட்டு ஒருவர் விற்றார். அந்த 'டைப்' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. பெட்டி வந்தது, பெட்டியில் ஒரு நம்பர், பேரிங் வளையத்தில் பொறித்திருந்தது வேறு நம்பர். கேட்டதற்கு "எல்லாம் ஒன்றுதான், அளவு சரியாக இருக்கும்" என்று பதில். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜினைப் பிரித்து கிராங்க்கை வெளியே எடுப்பது எவ்வளவு வேலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வேலையை இரண்டு முறை செய்ய எனக்கு விருப்பமில்லை. போடாமல் திருப்பி அனுப்பினேன். தபால் செலவு என்னுடையதாயிற்று.

பிறகு ஆண்டோவர் நார்ட்டனில் வாங்கினேன். நார்ட்டனின் பழைய வரைபடங்களை வைத்துப் பாகங்களைச் செய்பவர்கள். வந்த பேரிங்கில் என்.ஜே.306இ என்ற சரியான எண் வளையத்திலேயே இருந்தது. தயாரித்தவர் பெயரும் இருந்தது. இப்போது எந்த பேரிங்காக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பேன்: வளையத்தில் என்ன பொறித்திருக்கிறது, போட்டோ அனுப்ப முடியுமா? தன் சரக்கை நம்புகிறவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

*

சின்னச் சேர்க்கை. ட்ரயம்ப்பில் பழைய பாக எண்கள் எழுத்தில் தொடங்கும். இன்ஜினுக்கு இ, கியர்பாக்ஸுக்கு டி (T), பிரேமுக்கு எஃப். பின்னாளில் அதே எண்ணுக்கு முன்னால் 70, 57, 82 என்று போட்டார்கள். இ1591-உம் 70-1591-உம் ஒரே பேரிங். உங்கள் வண்டியின் ஆண்டுக்கான பாகப் புத்தகத்தை முதலில் வாங்கிவிடுங்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணைச் சொல்லியும் "எந்த மாடல்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பவர் பெட்டியை எடுத்துக் கொடுப்பவர் மட்டும்தான்.

*

அப்பாவின் பி.எஸ்.ஏ. எம்20 இப்போது என்னிடம் இருக்கிறது. போர்க்கால ராணுவ வண்டி என்பதால் இதற்கு அந்தக் காலத்திலேயே செய்து, கிரீஸ் தாளில் சுற்றி வைத்த பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பிரித்தால் நேற்று செய்தது போல இருக்கும். கியர், ஸ்பிண்டில், புஷ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த உலோகம் இன்றைய நகல்களில் கிடையாது.

ஆனால் ரப்பரை அப்படி வாங்கி ஏமாந்தேன். எண்பது வருடம் பெட்டியில் கிடந்த சீல் புதிய சீல் அல்ல, எண்பது வருடப் பழைய சீல். விரலால் அழுத்தியதும் விரிசல் விட்டது. இன்ஜினுக்குப் பொறி தரும் மேக்னட்டோவின் கண்டென்சரும் அப்படியேதான். ஓடவே ஓடாத கண்டென்சரும் வயதால் போய்விடும்.

மேக்னட்டோ பற்றியே ஒரு விஷயம். மேக்னட்டோவும் டைனமோவும் சேர்ந்த என் மேக்டைனோவை ஒருவர் ரீவைண்ட் செய்து, அதாவது கம்பிச் சுருளை மறுபடி சுற்றிக் கொடுத்தார். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். இருபது மைல் ஓட்டி நிறுத்தினால், சூடு ஆறும் வரை எத்தனை உதைத்தாலும் ஆகாது. வழியில் நின்று ஒரு மணி நேரம் காத்திருந்த நாட்கள் உண்டு. அப்பா கூடவே உட்கார்ந்திருப்பார், "ஆறட்டும் கண்ணு" என்பார். ரீவைண்ட் செய்தவர் "கார்புரேட்டரைப் பாருங்கள்" என்று தட்டிக்கழித்தார்.

இரண்டாவது ஆளிடம் கொடுத்தபோது நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: கண்டென்சர் என்ன வகை போடுகிறேன், சூடாக்கி எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்ப்பேன், சூட்டில் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் பொறி வர வேண்டும் என்று. திருப்பித் தரும்போது அந்தச் சோதனை விவரத்தை எழுதியும் கொடுத்தார். குளிர்ந்த மேக்னட்டோவில் பொறியைக் காட்டுவது யாராலும் முடியும். சூட்டில் காட்டச் சொல்லுங்கள்.

*

அப்பா உட்கார்ந்திருந்த காட்சி மனதில் நிற்கிறது. நன்றி.

என் வண்டி பி.எஸ்.ஏ. ஏ65, 1968. அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர். அதில் உடலும் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் ஒரே வகை துத்தநாகக் கலவை, ஒன்றை ஒன்று தின்றுவிடும். தேய்ந்தால் காற்று உள்ளே புகும், ஐடில் நிற்காது. மலிவாக ஒரு நகல் வாங்கினேன். வார்ப்பில் பெயர் மட்டும் இல்லை, மற்றபடி அசல் போலவே இருந்தது. ஒரு மாதம் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் துளையே சரியாக இல்லை.

அமல் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது, சாலிஸ்பரியில் இருக்கும் பர்லென் நிறுவனம் செய்கிறது. பிரீமியர் என்ற வகையில் ஸ்லைடு கெட்டிப்படுத்திய அலுமினியம், பைலட் ஜெட்டைக் கழற்றி மாற்றலாம், மிதவை எத்தனாலைத் தாங்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இருந்து சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்ததுதான். அதனால் பெட்ரோல் தொடும் எதையும், ஓரிங், பைப், டேங்க் சீலர், வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டே வாங்குகிறேன். 'தெரியாது' என்றால் வேண்டாம். ஃபைபர் டேங்க் இருக்கும் பழைய கமாண்டோ ஃபாஸ்ட்பேக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், எத்தனால் அந்த ரெசினையே இளக்கிவிடும்.

*

சார், ஒரு கேள்வி. அடுத்த செப்டம்பரில் இங்கிலாந்தில் நடக்கும் பழைய பாகச் சந்தையான பியூலி ஆட்டோஜம்பிளுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பழைய பாகம் நேரில் வாங்குவது நல்லதா? என்னுடையது 1970 டி120. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் தேடுகிறேன்.

*

கட்டாயம் போய் வாருங்கள் தம்பி. நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவதைப் போல எதுவும் இல்லை. மரை கேஜ், வெர்னியர், ஒரு சின்ன காந்தம், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் தேய்ந்த பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

கிராங்க்கேஸ் என்றால் இரண்டு பாதியும் ஒரே ஜோடியா என்று முதலில் பாருங்கள். தொழிற்சாலையில் ஜோடியாகவே இழைத்தார்கள், பாதி பாதியாகச் சேர்த்தால் பேரிங் தடம் நேர்கோட்டில் வராது. அப்புறம் நம்பர் பொறித்த இடம். 1969 மாடலில் இருந்து நம்பருக்கு அடியில் சின்னச் சின்ன ட்ரயம்ப் முத்திரைகள் வரிசையாக இருக்கும், யாரும் அழித்து மறுபடி பொறிக்கக் கூடாது என்பதற்காக. அந்த இடம் வழவழவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் 1970-க்கு இரண்டு எழுத்தில் தொடங்கும், முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து மாடல் ஆண்டு. 1970 என்றால் இரண்டாவது எழுத்து டி (D). விற்பவர் கிராங்க்கேஸைக் கழுவாமல் வைத்திருந்தால் நல்லதே. புதிதாக பெயின்ட் அடித்ததில் விரிசல் தெரியாது.

சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்களா? வெலோசெட், மாட்ச்லெஸ், நார்ட்டன் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன, சிலர் உறுப்பினர்களுக்காகவே பாகம் செய்கிறார்கள். வின்சென்ட் தொழிற்சாலை 1955-இல் மோட்டார்சைக்கிள் செய்வதை நிறுத்தியது. ஆனால் அதன் சங்கத்தின் உதிரி பாக நிறுவனம் புதிய பாகங்களை மட்டும் வைத்தே ஒரு முழு வின்சென்ட்டைக் கட்டிக் காட்டியது. லாபத்துக்காகச் செய்பவர் ஒரு நாள் நிறுத்திவிடலாம். தானே அந்த வண்டியை ஓட்டுபவர் செய்தால், தப்பான பாகம் முதலில் அவர் வண்டியில்தான் ஒழுகும்.

முதலில் சீல் கதையில் நான் சொன்ன பெரியவர் போன வருடம் கடையை மூடிவிட்டார். கடைசியாகப் பேசியபோது என் வண்டி நம்பரைச் சொல்வதற்கு முன்பே அவரே சொன்னார். மீதிச் சரக்கை எடுத்துக்கொண்டவர் அவரிடமே பல வருடம் வேலை பார்த்தவர், அவரும் நம்பரைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். இந்தக் குளிர்காலத்தில் கிராங்க்கைப் பிரித்து, ஆயில் கசடு சேரும் ஸ்லட்ஜ் டிராப்பைச் சுத்தம் செய்யப்போகிறேன். அதன் பிளக்கைச் சேதமில்லாமல் கழற்றியவர்கள் யாராவது இருந்தால், சூடாக்கினீர்களா, துளையிட்டு எடுத்தீர்களா என்று எழுதுங்கள்.