சூப்பர்மார்க்கெட் கார் பார்க்: 14 நிமிடம் கூட நின்றதுக்கு 100 பவுண். எப்படி மேன்முறையீடு செய்வது?

வெம்பிளிவாசி (மார்ச் 20)

வணக்கம். லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட், 90 நிமிடம் பார்க்கிங் இலவசம். மார்ச் 3 திங்கள் பின்னேரம் கமரா காட்டுகிற நேரம்: உள்ளே 5.12, வெளியே 6.56. மொத்தம் 1 மணி 44 நிமிடம். கார் கண்ணாடியில் துண்டு ஒன்றும் வைக்கவில்லை. கடிதம் நேராகத் தபாலில் அம்மாவின் பெயருக்கு வந்திருக்கு, கார் அவவின் பெயரில்தான் பதிவு. கடிதத்தில் போட்டிருக்கிற திகதி மார்ச் 14 வெள்ளி, வீட்டுக்கு வந்தது 19 புதன். 100 பவுண் கேட்கினம், 14 நாளுக்குள் கட்டினால் 60.

*[காரை ஓடினது யார் என்று சொன்ன வரி நீக்கப்பட்டது. நெறியாளர்]*

74 பவுணுக்குச் சாமான் வாங்கின ரசீது இருக்கு. "கிழிச்சுப் போடு, ஒன்றும் செய்ய ஏலாது" என்று சிலர் சொல்லினம். "60ஐக் கட்டிப்போட்டு நிம்மதியா இரு" என்று வேறு சிலர். எதைச் செய்ய?

சட்டப்புத்தகம்

இரண்டும் வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்.

நெறியாளர் அந்த வரியை எடுத்தது நல்லது. யார் ஓடினது என்று இங்கேயும் எழுதாதேங்கோ, கம்பனிக்கும் எழுதாதேங்கோ. இது கவுன்சில் ஃபைன் இல்லை. ஒப்பந்தத்தை மீறினதாகச் சொல்லி ஒரு தனியார் கம்பனி கேட்கிற காசு. பொலிஸ் கேட்டால் ஓட்டுநரின் பெயரைச் சொல்லியே ஆக வேணும். தனியார் கம்பனிக்குச் சொல்ல வேண்டிய கடமை கீப்பருக்கு (கார் யாரின் பெயரில் பதிவோ அவருக்கு), அதாவது உங்கட அம்மாவுக்கு, இல்லை. ஆனால் பொய் எழுதக்கூடாது. சொல்லாமல் விடுவது உரிமை. இல்லாததை எழுதினால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

ஓட்டுநர் யார் என்று தெரியாதபோது கீப்பரிடம் காசு கேட்கிற உரிமையைக் கம்பனிக்குக் குடுத்தது 2012 ஆம் ஆண்டு வந்த புரொடெக்‌ஷன் ஒஃப் ஃப்ரீடம்ஸ் அக்ட், அதின் அட்டவணை 4. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செல்லும். அந்த உரிமை வேணுமென்றால் கம்பனி நிபந்தனைகளை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்க வேணும். உங்கட கடிதம் விழுகிற இடம் பந்தி 9.

கண்ணாடியில் துண்டு வைக்காமல் கமராவை வைத்து மட்டும் அனுப்பினால், கார் நின்ற நாளுக்கு அடுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள் கடிதம் கீப்பரின் விலாசத்துக்குக் கிடைத்திருக்க வேணும். மார்ச் 4 முதலாம் நாள் என்றால் 14 ஆம் நாள் மார்ச் 17 திங்கள். தபாலில் போட்டது போட்ட நாளுக்குப் பிறகு வருகிற இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் கருதும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில்லை. 14 வெள்ளி போட்டது என்றே வைத்தாலும் 17 திங்கள் முதலாவது வேலை நாள், 18 செவ்வாய் இரண்டாவது. ஒரு நாள் பிந்திவிட்டது. ஒரு நாள் என்றாலும் பிந்தினது பிந்தினதுதான்.

"11 ஆம் நாளே அனுப்பிவிட்டோம்" என்று கம்பனி மறுமொழி எழுதும். மயங்காதேங்கோ. சட்டம் கேட்கிறது கிடைத்த நாளை. கடித உறையையும் எறியாதேங்கோ. கடிதத்தில் ஒரு திகதியும் உறையில் அதற்குப் பிந்தின திகதியும் இருந்தால் உங்கட பக்கம் இன்னும் பலமாகும்.

கடிதத்தின் பின்பக்கத்தையும் வடிவாக வாசியுங்கோ. "28 நாள் கழிந்தும் காசு வராமல், ஓட்டுநரின் பெயர் விலாசமும் தெரியாமல் இருந்தால் கீப்பரிடம் அறவிட உரிமை உண்டு" என்ற எச்சரிக்கை அதில் இருக்க வேணும். சில கம்பனிகள் பிந்தி அனுப்புகிறபோது அந்தப் பந்தியையே போடாமல் "ஓட்டுநரின் பெயரைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்கும். அப்படி இருந்தால் கீப்பரைப் பிடிக்க வழியில்லை என்று அவையே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

தம்பி, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் கடைக்குப் போங்கோ. இதைத்தான் ஆட்கள் செய்யாமல் விடுகினம், பாதி வழக்கு இங்கேயே முடியும்.

பார்க்கிங் கம்பனியைக் கூப்பிட்டு வைத்திருப்பது கடையோ கட்டட உரிமையாளரோதான். ரத்துச் செய்யச் சொல்ல அவைக்கு ஏலும். ரசீதையும் கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோய் மனேச்சரைக் கேளுங்கோ. கஸ்டமர் சேவிஸ் மேசையில் நிற்கிற பிள்ளை "எங்களுக்கும் பார்க்கிங்குக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லும். அதோடு திரும்பி வராதேங்கோ. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கோ. கார் இலக்கம், நோட்டீஸ் இலக்கம், திகதி, வாங்கின தொகை, ரசீது படம் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். ரசீது துலைந்திருந்தால் பாங்க் ஸ்டேட்மென்ட் காணும், லோயல்டி கார்ட் கணக்கிலும் வாங்கின நேரம் இருக்கும். கடைக்கு எழுதுகிறபோதும் "எங்கட குடும்பம் உங்கட வாடிக்கையாளர்" என்று எழுதுங்கோ, யார் ஓடினது என்று எழுத வேண்டாம்.

பல கடைகள் ஒன்றாக இருக்கிற ரீடெயில் பார்க் என்றால் கடைக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். அப்ப நிலத்தைப் பார்க்கிற முகாமைக் கம்பனி எது என்று கடையிடமே எழுத்தில் கேளுங்கோ.

கடை மறுமொழி தரும் என்று பார்த்துக்கொண்டு பார்க்கிங் கம்பனிக்கான நாளைத் தவறவிடாதேங்கோ. இரண்டும் சமாந்தரமாக ஓட வேணும்.

ரெடிங்_கார்த்தி

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். பார்க்கிங் கம்பனிக்கு என்ன எழுதணும்னு நான் சொல்றேன்.

அவங்க வெப்சைட்ல "நீங்கள் யார்" என்று ஒரு கட்டம் வரும். ஓட்டுநர், கீப்பர், வாடகைக்கு எடுத்தவர் என்று. கீப்பரைத் தேர்ந்தெடுங்க. பெயர் அம்மா பெயர். எழுதுகிற இடத்தில் முழுக்க "ஓட்டுநர் நிறுத்தினார், ஓட்டுநர் புறப்பட்டார்" என்ற நடையிலேயே போகட்டும். "நான் க்யூவில் நின்றேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் வந்தால் போச்சு. ஓட்டுநர் யார் என்று தெரிந்துவிட்டால் 14 நாள் வாதம் அத்தோடு செத்துப்போகும், ஏனென்றால் அந்தக் கெடு கீப்பரைப் பிடிப்பதற்கு மட்டும்தான்.

நாலைந்து வரி போதும்: நான் கீப்பர், ஓட்டுநர் பெயரைச் சொல்லப் போவதில்லை, நோட்டீஸ் பந்தி 9இல் சொன்ன காலத்துக்குள் வரவில்லை, ஆகவே கீப்பருக்குப் பொறுப்பு இல்லை, ரத்துச் செய்யுங்கள் அல்லது அடுத்த கட்ட மேல்முறையீட்டுக்கான குறியீட்டை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னும் பின்னும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. தபாலில் அனுப்பினால் போஸ்ட் ஆபீஸில் போட்டதற்கான அத்தாட்சி கேளுங்க, இலவசமாகவே தருவாங்க.

14 நிமிடம் பற்றி: 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, பார்க்கிங் கம்பனிகளின் சங்கங்கள் போட்ட பொது நடைமுறைக் கோவையில் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடம், முடிவில் வெளியேறக் குறைந்தது 10 நிமிடம் என்று இருக்கு. உடனே 5ஐயும் 10ஐயும் கூட்டி 15, நம்ம 14 அதுக்குள்ளே என்று நிறைய பேர் எழுதுறாங்க. அது அவ்வளவு சுலபமாகச் செல்லாது. இவை இலவச பார்க்கிங் நேரம் அல்ல என்று அதே கோவையே சொல்லுது. சரியான வாதம் வேற: கமரா பதிவது வாசலைத் தாண்டிய நேரம், கார் நின்ற நேரம் இல்லை. மாலை 5 மணிக்கு இடம் தேடிச் சுற்றிய நேரமும், வெளியே போக வரிசையில் நின்ற நேரமும் அதுக்குள்ளே இருக்கு. இதை இரண்டாவது வாதமா வையுங்க, முதலாவதா வைக்காதீங்க.

கம்பனி நிராகரித்தால் அடுத்து எந்த மேல்முறையீட்டு அமைப்புக்குப் போவது என்பது கடிதத்தில் எந்தச் சங்கத்தின் முத்திரை இருக்கு என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் போப்லா. இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் ஐ.ஏ.எஸ். என்ற அமைப்பு. இரண்டிலும் உங்களுக்குக் கட்டணம் இல்லை. போப்லாவுக்கு நிராகரிப்பு வந்ததிலிருந்து 28 நாள். இங்கே விரிவா எழுதணும்: தாமத நோட்டீஸ், கமரா நேரம், பலகைகள், நில உரிமையாளரோடு கம்பனிக்கு ஒப்பந்தம் இருக்கிறதுக்கு ஆதாரம். பலகை வாதத்துக்கு நீங்களே போய்ப் படம் எடுங்க. வாசலில் காரிலிருந்து பார்த்தால் 90 நிமிடம் தெரிகிறதா, 100 பவுண் என்ற எண் எத்தனை பெரிசு, சாயங்கால வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று. பிறகு கம்பனி தன் ஆதாரங்களை அனுப்பும், அதுக்குப் பதில் எழுத 7 நாள்தான். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழாமல் பார்த்துக்கோங்க. நில உரிமையாளர் ஒப்பந்தத்தில் திகதி கறுப்பு மையால் மறைந்திருக்கும், பலகைப் படம் நடுப்பகலில் எடுத்ததாக இருக்கும். அதையெல்லாம் சுட்டிக்காட்ட இதுதான் இடம்.

"க்யூ நீளம், குழந்தை அழுதது" மாதிரிக் காரணங்களைப் போப்லா கணக்கில் எடுக்காது. அவை கடை மனேஜருக்கு எழுத ஏற்றவை.

வெம்பிளிவாசி

நன்றி எல்லாருக்கும். ஒரு பயம்: மேன்முறையீடு செய்தால் அந்த 60 பவுண் சலுகை போய்விடாதா?

சட்டப்புத்தகம்

அந்த 14 நாளுக்குள் மேன்முறையீடு போட்டு, கம்பனி அதை நிராகரித்தால், நிராகரித்த நாளில் இருந்து திரும்ப 14 நாளுக்கு 60ஐத் தர வேணும். அதனால் மார்ச் 27க்குள் போடுங்கோ. மேன்முறையீட்டுக்கு மொத்தம் 28 நாள் இருக்கு, ஆனால் கடைசிவரை இழுத்தால் சலுகை போய்விடும். அதற்குப் பிறகு போப்லாவுக்குப் போனால் 60 பவுண் பேச்சு முடிந்தது, தோற்றால் 100. திகதிக் கணக்கு உங்கட பக்கம் இவ்வளவு தெளிவாக இருக்கிறபோது நான் என்றால் போப்லாவுக்குப் போகச் சொல்லுவன். போப்லா தீர்ப்பு கம்பனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடுகிற உரிமை அப்படியே இருக்கும்.

லூட்டன்_ராசன்

இடையில் கேட்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. எங்கட கடிதத்தில் 5 மணி 20 நிமிடம் நின்றதாக இருக்கு. கார் காலையில் ஒருக்கா, மத்தியானம் ஒருக்காப் போனது. இரண்டு முறையும் அரை மணிக்கு உள்ளேதான்.

ரெடிங்_கார்த்தி

கமராவின் பழைய கோளாறு இது. முன்னால் போன வேன் நம்பர் பிளேட்டை மறைத்தால், காலையில் வெளியே போனதும் மத்தியானம் உள்ளே வந்ததும் பதிவாகாது. முதல் வருகையையும் கடைசி வெளியேற்றத்தையும் மென்பொருள் ஒட்டிவிடும். இடைப்பட்ட நேரத்தில் கார் வேறு இடத்தில் இருந்ததற்கு ஒரு ஆதாரம் தேடுங்க: போன் மேப்பில் பயணப் பதிவு, டாஷ்கேம், பெட்ரோல் பில், வேலை இட வருகைப் பதிவு. டாஷ்கேம் பழைய பதிவை அழித்து எழுதும், இன்றைக்கே மெமரி கார்டைக் கழற்றி வையுங்க. கூடவே கம்பனியின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதி, அன்றைக்கு அந்த நம்பர் பிளேட்டுக்குக் கிடைத்த எல்லாக் கமராப் படங்களையும் கேளுங்க. ஒரு மாதத்துக்குள் தரணும், கட்டணம் இல்லை. தனித் திரி தொடங்கினால் நல்லது.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

கடையில் திரையில் கார் இலக்கம் பதிகிற இடமென்றால் O எழுத்தும் 0 இலக்கமும் மாறுவது வழமை. அப்படி ஒரு எழுத்துப் பிழை மட்டும் என்றால் முதல் மேன்முறையீட்டிலேயே ரத்தாக வேணும் என்று அந்த நடைமுறைக் கோவையில் இருக்கு.

சட்டப்புத்தகம்

வெம்பிளிவாசிக்கு இன்னொன்று. கிழித்துப் போடு என்கிற ஆலோசனை 2012க்கு முந்தின காலத்தது. அப்ப கீப்பரைப் பிடிக்கச் சட்டம் இல்லை. பிறகு 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செம்ஸ்ஃபோர்ட் ரீடெயில் பார்க் ஒன்றின் வழக்கில், 2 மணி இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றதுக்கு 85 பவுண் கேட்டது செல்லும் என்று தீர்த்தது. பலகை பெரிசாகத் தெளிவாக இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே "தொகை அநியாயம், கடைக்கு ஒரு நட்டமும் இல்லை" என்று மட்டும் எழுதுகிற மேன்முறையீடு இப்ப எடுபடாது.

பேசாமல் விட்டால் கடன் அறவிடும் கம்பனி சிவப்பு எழுத்தில் கடிதம் போடும், 70 பவுண் கூட்டும். அவைக்கு வீட்டுக் கதவைத் தட்டிச் சாமான் எடுக்க அதிகாரம் இல்லை. அதுக்கு மறுமொழி எழுதி மினக்கெட வேண்டாம், கோப்பில் போடுங்கோ. ஆனால் "லெட்டர் பிஃபோர் க்ளெய்ம்" (வழக்குப் போட முன்னம் அனுப்புகிற கடிதம்) என்று தலைப்பிட்டு வந்தால் 30 நாளுக்குள் கட்டாயம் மறுமொழி எழுத வேணும். அதையும் தாண்டி நோர்த்தாம்டன் முத்திரையோடு கவுன்டி கோர்ட் வழக்குப் படிவம் வந்தால் அன்றே திகதியைக் குறியுங்கோ. படிவத்தில் இருக்கிற வெளியீட்டுத் திகதியில் இருந்து 5 நாளில் கிடைத்ததாகக் கணக்கு, அதில் இருந்து 14 நாள். அதுக்குள் இணையத்தில் "கிடைத்தது" என்று ஒப்புதல் போட்டால் எதிர்வாதம் எழுத 28 நாளாகும். ஒப்புதல் போடுகிற பக்கத்தில் எதிர்வாதப் பெட்டியில் ஒரு சொல்லும் எழுதாதேங்கோ, எழுதினால் அதுவே உங்கட எதிர்வாதமாகப் போய்விடும்.

நாள் தவறினால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு விழும். ஒரு மாதத்துக்குள் முழுக்கக் கட்டாவிட்டால் 6 வருசம் கடன் பதிவில் நிற்கும், வீட்டுக் கடன் எடுக்கப் போகிறபோது தெரியும். தீர்ப்பை நீக்கக் கேட்கிற விண்ணப்பத்துக்கே 300 பவுணுக்கு மேல் செலவு. இந்தக் கதிக்கு ஆளாகிறவையில் கன பேர் வீடு மாறி, வி5சி என்கிற கார்ப் பதிவுப் பத்திரத்தில் விலாசம் மாற்றாதவை. கடிதம் எல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். அம்மாவின் பத்திரத்தில் இப்போதைய விலாசம்தான் இருக்கா என்று இன்றைக்குப் பாருங்கோ. மாற்றுவது இலவசம், டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) இணையத்தளத்திலேயே செய்யலாம். பத்திரத்தை மாற்றினால் காணாது, பார்க்கிங் கம்பனிக்கும் புது விலாசத்தைத் தனியாக எழுதுங்கோ. அவை டிவிஎல்ஏயிடம் விலாசம் வாங்கினது ஒரு தடவைதான், திரும்பிக் கேட்காமல் அதே விலாசத்துக்கே வழக்கையும் போடுவினம்.