"அவங்க பெரிய ஆளு, நம்மளால ஆகாது" – கதை சொல்வதில் எங்கே தவறுகிறது?

மேலூர்க்காரி:
மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கதை, சாதித்தவர்கள் கதை. கைதட்டுகிறார்கள். ஆனால் "நீங்களும் இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டால் மேலே தலைப்பில் உள்ள பதில்தான். கதையை மாற்றணுமா, சொல்லும் முறையையா?

அழகர்மலை:
முறையைத்தான் டீச்சர். நாம் கதையை முடிவிலிருந்து தொடங்கிவிடுகிறோம். மதுரைச் சின்னப்பிள்ளையம்மா என்றதும் பிரதமர் வாஜ்பாயே அவர் காலில் விழுந்தார், அவருக்கு 2019-ல் பத்மஸ்ரீ என்று ஆரம்பிக்கிறோம். அதை வியக்கலாம், செய்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிப் பெண் மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு கூலி பேசப் போகிறார், அங்கே தொடங்குங்கள். தன்னைப் போன்ற ஒருவர் தடுமாறித் தேறுவதைப் பார்த்தால்தான் 'நம்மாலும் முடியும்' என்று வரும். சுளுவாக ஜெயித்தவரைப் பார்த்து அவ்வளவாக வராது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதை எழுதியிருக்கிறார்.

கால் மணி நேரக் கதையில் இரண்டு இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம், சுவை போய்விடும். ஆள் முடிவெடுப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, "இப்ப என்னென்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். மூன்று வழியாவது வரட்டும். முதல் பதில் "அழுவாங்க" என்றுதான் இருக்கும். நடுவே நீங்கள் சரி, தப்பு சொன்னால் மற்ற வாய்கள் மூடிக்கொள்ளும்.

சிம்மக்கல்:
நிறுத்துவதற்கு நம்ம ஊர்க் கண்ணகி கதை அருமையாக அமையும். எல்லாரும் ஆவேசத்தை நடித்துக்காட்டி நேரே ஊரை எரித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால், என் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் பாண்டியன். அங்கே நிறுத்தி, "எப்படி நிரூபிப்பா?" என்று கேளுங்கள். கதை தெரிந்த பிள்ளை முந்திக்கொண்டால், "ரெண்டுலயும் முத்தே இருந்திருந்தா?" என்று அடுத்ததைக் கேளுங்கள்.

வைகைத்தென்கரை:
இரண்டும் சரி. ஆனால் எல்லாம் தனிமனிதத் துணிச்சல் என்று சொல்லிவிடாதீர்கள்; வசதியில்லாத பிள்ளை தோற்றால் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். அதுவரை உள்ளே விடப்படாத மக்கள் 1939 ஜூலை 8-ல் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததை வைத்தியநாத ஐயர் ஒருவரின் வீரமாகச் சொன்னால், கூடவே உள்ளே போன கக்கன் முதலானோரும், பின்னால் ராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டமும் மறைந்துபோகும். யார் துணை நின்றார்கள் என்பதையும் கதைக்குள் வையுங்கள்.

கதை முடிந்த கையோடு பிள்ளைகள் செய்ய ஒரு காரியமும் வேண்டும். எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள், கடைசி நேரத்தில் அதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். அறிவிப்பு வருமுன்பே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.