20 நிலையம், 25 ஆண்டு: அது 500 ஆண்டுத் தரவா?

கரையோரம்: பேராறு போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக முடியவில்லை. ஆற்று நீரை அளக்கும் 20 நிலையம், ஒவ்வொன்றிலும் 25 ஆண்டுக்கு ஆண்டின் உச்சப் பாய்வு, பெருக்கினால் 500 ஆண்டு. ஆகவே நூறாண்டு வெள்ளம் எவ்வளவு என்று அடித்துச் சொல்லலாமாம். ஒரே மழை 20 நிலையத்தையும் நனைத்தால் அது 20 வெள்ளமா, ஒன்றா?

பேராறு: வந்துவிட்டாரா! வட்டாரமாகச் சேர்த்துக் கணக்கிடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க நீரியலாளர் டால்ரிம்பிள் 1960-லேயே செய்தது. ஒவ்வொரு நிலையத்தின் பாய்வையும் அதன் சராசரியால் வகுத்து, எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு வெள்ளம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கோடு. ஒற்றை நிலையத்தின் 25 புள்ளியை வைத்து நூறாண்டுக்கு இழுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கரையோரம்: நான் முறையைக் கேட்கவில்லை, 500-ஐக் கேட்டேன். உங்கள் அட்டவணையின் ஒன்பதாவது ஆண்டைப் பாருங்கள். 17 நிலையத்தில் உச்சம் ஒரே வாரத்தில். அதைப் போய் 17 சாட்சி என்று எண்ணியிருக்கிறீர்கள்.

பேராறு: நிலையங்கள் எல்லாம் ஒரே மாதிரிதானா என்று பார்க்கும் ஒருமைச் சோதனை பாஸ். அதில் வரும் எச் மதிப்பு 1-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள் அந்தச் சோதனையை வகுத்த ஹாஸ்கிங்கும் வாலிஸும். எனக்கு மைனஸ் 2.3!

கரையோரம்: இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்களா? மைனஸ் 2-க்குக் கீழே போனால் நிலையங்கள் ஒன்றையொன்று ஒட்டி ஏறி இறங்குகின்றனவா என்று சந்தேகப்படச் சொன்னதும் அதே இருவர்தான். அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லை போல.

வெள்ளோட்டம்: இந்த எண்களே எங்கிருந்து வந்தன? பெருவெள்ளத்தன்று பெரும்பாலும் யாரும் நீரின் வேகத்தை அளப்பதில்லை. நீர்மட்டத்தைக் குறித்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு பாய்வு என்று காட்டும் பழைய வளைவை மேலே நீட்டிப் பாய்வு எழுதுகிறார்கள். முதலில் அதைப் பேசுங்கள்.

பேராறு: அது வேறு கதை ஐயா. உச்ச வெள்ளத்துக்குப் பொருத்தும் கம்பெல் பரவல் என்ற சூத்திரத்தைப் பற்றிய விவாதத்தையும் இப்படித்தான் கெடுத்தீர்கள்.

வெள்ளோட்டம்: கெடுத்தேனா? பாதியில் காணாமல் போனது யார்?

மடைத்தலை: நூறாண்டு வெள்ளம் போன வருடம் வந்துவிட்டால் இனி 99 வருடம் நிம்மதிதானே?

கரையோரம்: இல்லை. ஒவ்வொரு ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டில் ஒரு முறையாவது வர 26 சதவீதம். அதை விடுங்கள். 500 எங்கே?

பேராறு: நிலையங்கள் ஒட்டியிருந்தாலும் மதிப்பீடு பெரிதாக ஒரு பக்கம் சாயாது. தெரியாதா?

கரையோரம்: சாயாது, சிதறல் கூடும். நீங்களோ 500-ம் தனித்தனி என்று வைத்து, மதிப்பீடு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் பிழைப் பட்டையை ஒல்லியாக்கிவிட்டீர்கள். அதை நம்பி ஒருவர் பாலத்துக்கு உயரம் வைப்பார். கையில் உள்ள தகவல் 500 ஆண்டைவிடக் குறைவு என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பேராறு: குறை சொல்ல எல்லோருக்கும் வரும். நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கரையோரம்: காட்டுகிறேன். மூலத் தரவைப் போடுங்கள். எத்தனை தடவை கேட்பது?

வெள்ளோட்டம்: மூலத் தரவு என்றால் நீர்மட்டமா, வளைவை நீட்டி எழுதியதா?