நித்தியகல்யாணி வேர் வளர்ப்பு: மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்ததும் வேர் பழுப்பாகிறது

வணக்கம். திசு வளர்ப்பில் அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

நித்தியகல்யாணியில் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மூலம் மயிர்வேர்களை (அது தொற்றிய இடத்தில் கிளைத்து வளரும் வேர்கள்) உருவாக்கி, அவற்றில் அஜ்மாலிசின், கேத்தரந்தைன் ஆகிய அல்கலாய்டுகளின் அளவைக் கூட்டப் பார்க்கிறேன். (புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை இந்த வேர்களில் எதிர்பார்க்கவில்லை. அதற்குத் தேவையான விண்டோலின் இலையில்தானே உருவாகிறது.) பிசிஆர் மரபணுச் சோதனையில் ரோல்-பி மரபணு தெரிகிறது, விர்-டி2 தெரியவில்லை; அதாவது பாக்டீரியாவின் மரபணு வேரில் சேர்ந்துவிட்டது, பாக்டீரியா மிச்சமில்லை. ஹார்மோன் இல்லாமலே வேர்கள் வெள்ளை வெளேரென்று செழித்து வளர்கின்றன.

சிக்கல் அப்புறம்தான். 14-ஆம் நாளில், அல்கலாய்டு உற்பத்தியைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட்டை 100 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. 3 நாளில் வேர் நுனிகள் பழுப்பாகின்றன. ஒரு கிராம் உலர் வேரில் அல்கலாய்டு கூடுகிறது, ஆனால் வேரின் எடை குறைவதால் ஒரு குடுவையின் மொத்த விளைச்சல் ஏறவே இல்லை. எத்தனால் மட்டும் சேர்த்த குடுவைகள் நன்றாக இருக்கின்றன. ஆக, கரைப்பான் மேல் பழி இல்லை.

வளர்ச்சி முடியும் கட்டம் வரை காத்திருந்து சேர்ப்பதா, அளவைக் குறைத்து இரண்டு தவணையாகக் கொடுப்பதா? எது உங்களுக்குப் பலன் தந்தது? ஊடகத்தில் கசியும் அல்கலாய்டை உறிஞ்ச எக்ஸ்ஏடி-7 பிசின் போட்டவர்கள் இருந்தால், எந்த நாளில் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். தோற்றுப்போன முயற்சிகளையும் எழுதுங்கள், அவையும் எனக்கு மிகவும் தேவை. அடுத்த தொகுதி வேர்கள் இப்போது 9-ஆம் நாளில் இருக்கின்றன.