கேட் கேமரா: கார் முன்கண்ணாடிக் கூச்சத்துக்கு போலரைசர் ஒட்டியும் பலன் இல்லை, இரவில் படம் வேறு வெளுக்கிறது

கேள்வி:
அபார்ட்மென்ட் கேட்டில் 4 மெகாபிக்சல் புல்லட் கேமரா, 6 மிமீ லென்ஸ், தரையிலிருந்து 9 அடி உயரம். உள்ளே வரும் காரின் முன்கண்ணாடியில் பகல் முழுக்க வானம்தான் தெரிகிறது. ஓட்டுபவர் முகம் தெரிவதில்லை. போலரைசர் ஃபில்ம் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வாங்கி, கேமராவின் முன்பக்கக் கண்ணாடி முழுவதையும் மூடி ஒட்டியிருக்கிறது. பகலில் பெரிய மாற்றம் இல்லை. இரவில் படம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி இருக்கிறது. கோளாறு ஃபில்மிலா, ஒட்டிய விதத்திலா?

பதில் 1:
புகைக்குக் காரணம் ஒட்டிய விதம். கேமராவைக் கழற்றிப் பார்த்தால் லென்ஸுக்கும் ஐஆர் எல்இடிக்கும் (இரவுக்கான அகச்சிவப்பு விளக்குகள்) நடுவில் கறுப்பு ஃபோம் வளையம் ஒன்று கண்ணாடியை அழுத்திக்கொண்டு இருக்கும். எல்இடி வெளிச்சம் லென்ஸ் பக்கம் கசியாமல் தடுப்பது அதன் வேலை. வெளியே முழுக்க ஃபில்ம் ஒட்டியதும் வெளிச்சம் அந்த ஃபில்முக்குள்ளேயே பரவி, வளையத்தைத் தாண்டி லென்ஸ் முன்னால் வந்துவிடுகிறது. முழுவதையும் உரித்துவிட்டு, வளையத்தின் உள்வட்டத்துக்குள் அடங்குகிற அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டுங்கள். எல்இடி மேல் ஒரு துளியும் படக்கூடாது.

இரவில் இதனால் பலனும் எதிர்பார்க்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஃபில்ம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத்தான் பிரிக்கும். 850 நானோமீட்டர் ஐஆர் அதில் பெரும்பாலும் அப்படியே நுழைந்து போய்விடும்.

பதில் 2:
பகலில் மாற்றம் தெரியாததற்கு ஃபில்ம் திரும்பியிருக்கும் திசையை முதலில் சந்தேகப்படுங்கள். சாய்ந்த கண்ணாடியில் பட்டு வரும் வானொளி பெருமளவு கிடைமட்டமாக அதிரும். ஃபில்மின் அச்சு (ஒளியை உள்ளே விடும் திசை) செங்குத்தாக நின்றால்தான் அதை வெட்டும். 90 டிகிரி மாறி ஒட்டியிருந்தால் கூச்சம் முழுசாக உள்ளே வரும், மற்றதெல்லாம் இருட்டாகும்.

அச்சைக் கண்டுபிடிக்க, ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும் டைல்ஸ் தரையை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஃபில்மைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் மினுக்கம் செத்துப்போகும். அந்த நிலையில் மேல் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கேமராவிலும் அந்தக் கோடு மேலே வரட்டும்.

சோதிக்கும்போது ஆட்டோ எக்ஸ்போஷரை (கேமராவே வெளிச்சத்தைச் சரிசெய்வது) நிறுத்தி, ஷட்டரையும் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கையால் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபில்ம் குறைத்த வெளிச்சத்தைக் கேமராவே ஏற்றிவிடும்; முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. டபிள்யூடிஆரும் (வெளிச்சமான, இருண்ட பகுதிகளைச் சமன்செய்யும் வசதி) அணைந்திருக்கட்டும்.

கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் கார் நிற்கிறது?

கேள்வி கேட்டவர்:
பூம் தடுப்புக்கு முன்னால், சுமார் 4 மீட்டர் தூரத்தில் சார். ஃபில்மை வட்டமாக வெட்டி ஒட்டியதும் புகை போய்விட்டது. திசையும் மாறித்தான் இருந்தது. இப்போது முகம் தெரிகிறது, ஆனால் லேசான வெண்மை மிச்சம் இருக்கிறது. பக்கக் கண்ணாடிகளில் புள்ளி புள்ளியாக வரிசை தெரிகிறது, அது என்ன?

பதில் 2:
மிச்ச வெண்மைக்குக் காரணம் கோணம். கண்ணாடிப் பரப்புக்கு நேர்செங்குத்தாக ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 56 டிகிரி விலகிப் பார்க்கும்போதுதான் போலரைசர் பிரதிபலிப்பை முழுசாக அழிக்கும். சாதாரண காரின் முன்கண்ணாடி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வு என்று வைத்தால், 9 அடி உயரக் கேமரா 4 மீட்டரில் அதை ஏறக்குறைய 38 டிகிரியில் பார்க்கிறது. அங்கே கூச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கிவிடும். அதே கேமரா, கார் 8 மீட்டரில் வரும்போது பார்த்தால் கோணம் 48 டிகிரி. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான். கேமராவை இன்னும் மேலே ஏற்றினால் நிலைமை மோசமாகும், இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தடுப்பை நகர்த்த வழியில்லை என்றால் கேமராவை ஆறரை அடிக்கு இறக்குங்கள், 4 மீட்டரிலேயே கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்.

புள்ளிகள் கோளாறு இல்லை. பக்கக் கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி. சூடாக்கிக் காற்றடித்துக் குளிரவைத்த தழும்பு போலரைசரில் தெரியும். முன்கண்ணாடி லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்பதால் அங்கே வராது. டோம் கேமராவிலும் இப்படித்தான்: பாலிகார்பனேட் மூடிக்கு உள்ளே ஃபில்ம் வைத்தால் மூடியின் அழுத்தமே வானவில் திட்டாகத் தெரியும்.

பதில் 3:
வெளிச்ச இழப்பையும் கணக்கில் எடுங்கள். ஃபில்ம் உள்ளே விடுவது 40 சதவீதத்தை ஒட்டித்தான். ஐஆர் மோடுக்கு மாறும் முன், சாயங்கால நேரத்தில் வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக இரையும். இரவிலும் கலர் காட்டும் கேமரா என்றால் நஷ்டம் விடிய விடிய. ஹெட்லைட் கூச்சம் நேரடி ஒளி, போலரைசரால் ஒன்றும் ஆகாது. அதற்கு எச்எல்சியும் (கூசும் விளக்குகளை அடக்கும் கேமரா வசதி) வேகமான ஷட்டரும்தான். நம்பர் பிளேட்டுக்கு ஃபில்ம் இல்லாத தனிக் கேமரா வைப்பதே என் பரிந்துரை.

ஒட்டுவதற்கு வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். நியூட்ரல் சிலிக்கானை ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். துடைக்க ஈரத் துணி போதும். அசிட்டோன் பட்டால் ஃபில்மின் மேலடுக்கு பாழாகிவிடும். வெயிலும் ஈரமும் சேர்ந்து ஓரத்திலிருந்து நிறம் வெளுக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான். அதே ஷீட்டில், அதே திசையில் கோடு போட்டு இரண்டு வட்டம் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.