மறு: [கலைச்சொல்] ஃபோனோ பிரீஆம்ப்: ‘முன்பெருக்கி’ வேண்டாம், ‘சீர்பெருக்கி’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

> பிரீ என்றால் முன், ஆம்ப் என்றால் பெருக்கி. முன்பெருக்கி என்று வைத்து முடித்துவிடலாமே? இதற்கு ஏன் இத்தனை மடல்?

தட்டு சுழற்றும் கருவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வரும் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சின்னப் பெட்டிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், சென்னை நண்பர் மேலே கேட்டது நியாயம்தான். இரண்டு வாரம் முன்பு வரை நானும் இந்தச் சொல்லுக்குத்தான் கைதூக்கியிருப்பேன். என் அண்ணன் மகன் பட்ட பாட்டைப் பார்த்தபின் மனம் மாறிவிட்டது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். அப்பா பால்மரம் சீவியவர். தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது அம்மா நிறையச் சாமான்களை விட்டுவிட்டு வந்தார். அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அந்தப் பெட்டியைப் போன வருடம் அவர்கள் பேரன், அதாவது என் அண்ணன் மகன், திறந்தான். தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஓய்வு நாளில் உறுமி மேளம் அடிப்பான். 1000 ரிங்கிட்டுக்குள் எல்லாம் முடியவேண்டும் என்றான். குறைந்தபட்சச் சம்பளமே 1700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் 1000 என்பது விளையாட்டுக் காசில்லை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் விற்கும் பண்டில் கடையில் ஒரு டர்ன்டேபிள் வாங்கினான் (நாம் போன மாதம் ‘தட்டுச்சுழலி’ என்று முடிவு செய்தோமே, அதுதான்). வீட்டில் கராவோக்கே ஆம்ப்ளிஃபையர் இருந்தது. ஆக்ஸ் துளையில் செருகினால் கொசு முனகுவது போல் கேட்டது. தமிழில் எங்கோ ‘முன்பெருக்கி தேவை’ என்று படித்திருக்கிறான். மைக் துளைக்கு உள்ளே முன்பெருக்கி இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் மைக் துளையில் செருகிவிட்டான். சத்தம் வந்தது. ஆனால் என்னைக் கூப்பிட்டு, “சித்தப்பா, உறுமியில உரசுற பக்கமே கழன்டு போன மாதிரி இருக்கு, வெறும் தகரச் சத்தம்” என்றான். அப்பாவின் தட்டுகள் தேய்ந்துபோய்விட்டன என்று முடிவு கட்டி, பெட்டியை மூடியும் வைத்துவிட்டான்.

அவன் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை. சொல் சொன்னபடி செய்தான். சொல்தான் பாதி வேலையை மறைத்துவிட்டது.

மறைந்த பாதி இது. இசைத்தட்டில் பாட்டு உள்ளபடியே பதிவதில்லை. கனத்த ஒலி வரும்போது தட்டின் வரிப்பள்ளம் அகலமாக ஆடும். அப்படியே வெட்டினால் ஒரு பக்கத்தில் கொஞ்சப் பாட்டுக்குத்தான் இடம் இருக்கும், ஊசியும் தடம் விட்டுக் குதிக்கும். ஆகவே வெட்டும்போதே கனத்த ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். மெல்லிய கூர்மையான ஒலிகளையோ, தட்டின் உரசல் இரைச்சலில் முங்கிவிடாமல் இருக்க, வேண்டுமென்றே தூக்கி வெட்டுகிறார்கள். இதற்கு 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த அளவு ஆர்ஐஏஏ வளைவு. நடுவில் 1000 ஹெர்ட்சை வைத்துப் பார்த்தால் அடியில் 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். உச்சியில் 20,000 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறியிருக்கும். வீட்டில் கேட்கும்போது இதை அப்படியே திருப்பிப் போடவேண்டும். குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்து, அதோடு ஊசி தரும் நாலைந்து மில்லிவோல்ட்டை நூறு மடங்கு பெருக்கித் தருவதுதான் இந்தச் சின்னப் பெட்டியின் வேலை. மைக் முன்பெருக்கி பெருக்கும், திருப்பிப் போடாது.

இடந்தலையில் ரவை ஒட்டாமல் மிருதங்கம் வாசித்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவன் வீட்டில் கேட்டது.

> அப்படியானால் ‘சீராக்கி’ என்றே விடலாமே. பெருக்கி எதற்கு?

கிள்ளான் அக்கா எழுதியது. முதலில் எனக்கும் இதுவே பிடித்திருந்தது. ஆனால் மின்னழுத்தச் சீராக்கி என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். ஜப்பான் சாமான் வாங்குகிறவனுக்கு நம் 230 வோல்ட்டை 100 ஆக இறக்கும் பெட்டியும் தேவைப்படும். அந்த நேரத்தில் ‘ஒரு சீராக்கி வாங்கு’ என்றால் எந்தப் பெட்டி என்று குழம்புவான். அக்காவின் இன்னொரு சொல்லான ‘மீட்பெருக்கி’ இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இழந்ததை மீட்பது, வீணையை மீட்டுவது இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனாலும் இந்த நாட்டில் மீட்பு என்றதும் தீயணைப்பு வண்டிதான் காதில் ஓடும். தவிர, உச்ச ஒலிகளை இந்தப் பெட்டி மீட்பதில்லை, அடக்குகிறது. ஆசை இருந்தும் அதை விடவேண்டியிருக்கிறது.

ஆகவே சீர்பெருக்கி. சீர்தூக்குதல் என்றால் தராசில் வைத்து இருபக்கமும் பார்ப்பது. ஒரு பக்கம் கனம் குறைந்து, ஒரு பக்கம் ஏறிக் கிடக்கும் ஒலியைச் சமனுக்குக் கொண்டுவரும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குக் கிடைக்கவில்லை.

> சீர்ப்பெருக்கியா, சீர்பெருக்கியா? தேர்த்திருவிழாவில் ஒற்று மிகுகிறதே.

பினாங்கு ஆசிரியர் ஐயாவுக்கு: மிகுகிறது, ஐயா. ஆனால் சீர்திருத்தம், சீர்கேடு, சீர்தூக்கல் என்று சீரில் தொடங்கும் சொற்களில் மிகாமலே வழங்கிவிட்டது. அந்த வரிசையில் இதையும் உட்காரவைக்கலாம் என்பது என் விண்ணப்பம். தாங்கள் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

> நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

நல்ல கேள்வி. சொல் பொருந்தும், சீர்தான் வேறு. 1954க்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் ஒரு வளைவை வைத்திருந்தது. இன்றைய மலிவான சீர்பெருக்கி எல்லாம் ஆர்ஐஏஏ ஒன்றுக்கே அமைந்தவை. பழைய தட்டுக்குக் கிட்டத்தட்ட வரும், சரியாக வராது. ஊசியும் வேறு. எல்பி (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியின் முனை ஏறக்குறைய 18 மைக்ரான்; 78க்கு 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியை உழும். அப்பாவின் பெட்டியில் அடியில் கிடந்த கனமான தட்டுகள் அரக்கால் ஆனவை. தயவுசெய்து யாரும் அவற்றை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

இனி மற்றச் சொற்கள். சுருக்கமாக என் கருத்து.

கார்ட்ரிட்ஜ்: அகராதியில் இருக்கும் ‘பொதியுறை’ துப்பாக்கிக்கு வந்த சொல். இங்கே அது ஊசி குடியிருக்கும் சின்ன வீடு. ‘ஊசிக்கூடு’ போதும். மலாய்க்காரர்கள் இசைத்தட்டைப் ‘பீரிங் ஹீத்தாம்’ என்கிறார்கள், அதாவது கறுப்புத் தட்டு. ஆங்கிலச் சொல்லைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தார்கள். நாமும் பொருளைப் பார்த்தே பெயர் வைப்போம்.

சென்னை நண்பர் பள்ளத்துக்குச் சொன்ன ‘காடி’ தச்சர்களிடம் உள்ள நல்ல சொல். ஆனால் மலேசியாவில் காடி என்றால் கார். ‘ஊசி காடியில் ஓடுகிறது’ என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. வரிப்பள்ளம் என்றே இருக்கட்டும்.

டிராக்கிங் ஃபோர்சுக்கு, அதாவது ஊசி தட்டின்மேல் அழுந்தும் கனத்துக்கு, ‘ஊசிப்பாரம்’ என்பேன். தோட்டத்தில் பால் ஸ்டோரில் வாளியை நிறுத்துப் பாரம் எழுதுவார்கள். இங்குள்ள எந்த வீட்டிலும் பாரம் என்றால் புரியும். விசை, அழுத்தம் என்று போனால் பாடப்புத்தகம் ஆகிவிடும். இந்தச் சொல்லும் காசைக் காப்பாற்றும் சொல்தான். பெட்டி வடிவில் ஸ்பீக்கரோடு சேர்த்து விற்கும் மலிவுச் சுழலிகளில் பெரும்பாலும் செராமிக் ஊசிக்கூடு இருக்கும். அதன் பாரம் 5, 6 கிராம் வரை போகும். ஆடியோ டெக்னிக்கா விஎம்95ஈ ஊசிக்கூட்டுக்கு 2 கிராம்தான். தாத்தாவின் தட்டை மூன்று மடங்கு பாரத்தில் தேய்க்கலாமா என்று கேட்டால் எந்தப் பேரனும் யோசிப்பான்.

சொல்லோடு சேர்த்து, 1000 ரிங்கிட் கணக்கையும் எழுதிவிடுகிறேன். தைப்பிங் தம்பி தனி மடலில் கேட்டிருந்தார். புதிதாக வாங்கினால் ஆடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ் போன்ற ஒன்று போதும். உள்ளேயே சீர்பெருக்கி இருக்கிறது. ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம். ஊசிப்பாரத்தை நாம் திருத்த முடியாது, 78 சுற்றும் ஓடாது. மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள், கேட்கும்போது பெரிய வித்தியாசம் தெரிவது அங்கேதான். அதன் பின்பக்கத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் (அதற்குள்ளும் ஒரு சீர்பெருக்கி உண்டு) செருகி, சுவிட்சையும் லைனில் (சுழலியின் சீர்பெருக்கி வேலை செய்யும் நிலை) வைத்தால் இரண்டு சீர்பெருக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒலி உடைந்து வரும். ஏதாவது ஒன்றுதான் வேலை செய்யவேண்டும்.

பழையது வாங்குகிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் துடிப்பையே நம்பிச் சுற்றும் பழைய ஏசி மோட்டாராக இருந்தால், 100 வோல்ட் பெட்டி போட்டாலும் 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கிவிடும், பெண்குரல் ஆண்குரலாகும். பெல்ட் ஓடும் கப்பியை 50க்கு உரியதாக மாற்றவேண்டும். டிசி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அண்ணன் மகனுடையது டிசி, அதில் தப்பித்தான்.

அவனுக்கு ஈப்போவிலிருந்து தனிச் சீர்பெருக்கி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். முதலில் ‘ஊம்’ என்று இரைந்தது. சுழலியின் பின்னால் தொங்கும் தரைக்கம்பியைச் சீர்பெருக்கியின் திருகில் முடுக்கியதும் அடங்கியது. தேய்ந்துவிட்டது என்று மூடிவைத்த அதே தட்டைப் போட்டான். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடந்தலை, பேசியது. அடுப்படியில் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றுவிட்டார். பக்கம் முடியும் வரை நகரவில்லை.

குழுமப் பட்டியலில் இப்போதைக்கு ‘ஃபோனோ பிரீஆம்ப் – முன்பெருக்கி’ என்று இருக்கிறது. அந்த வரியைப் பின்வருமாறு மாற்ற முன்மொழிகிறேன்:

சீர்பெருக்கி: இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த கன ஒலியையும் கூட்டிய மெல்லொலியையும் பழைய நிலைக்குத் திருப்பி, ஊசிக்கூட்டின் சிறு மின்குறியைப் பெருக்கித் தரும் கருவி. மைக் முன்பெருக்கி வேறு.

கடைசி மூன்று சொற்களை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், அதையும் சேர்த்து ஞாயிறன்று பட்டியலைத் திருத்துகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து