கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரங்களை மொத்தமாக ஏலம் விடப்போகிறார்கள், என்ன செய்யலாம்?

கொட்டாம்பட்டிப் பக்கம்:
வணக்கம். மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகிற வழியில் எங்கள் ஊர். கண்மாய் உள்வாய் முழுக்கக் கருவேலம். ஓரமெல்லாம் சீமை, நடுவில் ஒரு கொத்து நாட்டுக் கருவேலம். கண்மாய் பெருகிய வருஷங்களில் கார்த்திகை பிறந்ததும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் அந்தக் கொத்தில்தான் கூடு கட்டும். இப்போது தூர்வாரப் போகிறார்கள், மரம் ஒன்றுவிடாமல் ஏலம் என்று பேச்சு. அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் எனக்கும் நிலம் இருக்கிறது. தூர்வார வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் பறவைகளைப் பற்றி வாய் திறந்தால், "கொக்குக்காகக் கண்மாயை மேடாக விடச் சொல்கிறாயா?" என்கிறார்கள். யாரிடம் போய் என்ன கேட்பது?

உசிலம்பட்டி விவசாயி:
சீமைக் கருவேலத்துக்குத் தயவு தாட்சண்யமே வேண்டாம் அண்ணே, வேரோடு போகட்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். எங்கள் ஊரில் அதுதான் நடந்தது.

கண்மாய்க்கரை:
தம்பி, தூர்வாரட்டும். தடுக்கப் போனால் ஊரே உனக்கு எதிராக நிற்கும், பறவைக்கும் கெட்ட பெயர். நீ கேட்க வேண்டியது மூன்று விஷயம்: எந்த மரம், எப்போது, தோண்டுகிற மண் எங்கே போகிறது.

முதலில் மரம். ஏலத்துக்கு முன்னால் மரத்துக்கு எண் போடுவார்கள். அந்த நேரத்தில் நீ கூட நிற்க வேண்டும், மெஷின் இறங்கியபிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள். எங்கள் கண்மாயில் பெயிண்ட் அடித்தவர்கள் அடித்த மரத்தை விடுவதா வெட்டுவதா என்று குத்தகைக்காரரிடம் சொல்லாமலே போய்விட்டார்கள். விட வேண்டியதெல்லாம் லாரி ஏறிவிட்டது. அதனால் எழுத்தில் வாங்கு. பூ இருந்தால் பிரித்துக் காட்டுவது சுலபம்: நாட்டு மரத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு நீளக் கதிர். நாட்டுக் காய் சாம்பல் பூத்து, மணி மணியாக இடை சுருங்கி இருக்கும்.

மண்தான் முக்கியம். தோண்டுகிற வண்டலை எல்லாம் கரைக்கு வெளியே ஏற்ற வேண்டியதில்லை. ஒரு பங்கை அந்தக் கொத்தைச் சுற்றிக் குவித்து மண் திட்டாக்கச் சொல். மரத்தடியைப் பறிக்காமலே சுற்றிலும் ஆழம் கிடைக்கும். நாலு பக்கமும் தண்ணீர் நின்றால் நாயும் நரியும் கூட்டுப் பக்கம் வராது, பறவைக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆயக்கட்டுக்காரருக்குத் தண்ணீர் குறையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் உன் பக்கம் வந்துவிடுவார்கள்.

நேரம்: குஞ்சு பறந்தபிறகு, பங்குனிக்கு மேல். எப்படியும் தண்ணீர் வற்றினால்தானே மெஷின் இறங்கும். மரம் வெட்டுகிறவர்தான் அவசரப்படுவார். கூட்டைக் கலைப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி 'வேட்டை'தான் என்று மெதுவாகச் சொல்லி வை.

மீன் குத்தகைக்காரரும் முறைப்பார். நத்தைகுத்திக்குப் பேரிலேயே பதில் இருக்கிறது, அது தேடுவது நத்தையை. வக்கா மீன் பிடிக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அத்தனை எச்சமும் விழுகிற தண்ணீர்தான் மடை வழியாக வயலுக்கு உரமாக வருகிறது. சந்தேகப்படுகிறவரை ஒருதரம் வேட்டங்குடிக்குக் கூட்டிப்போ, உங்களுக்குப் பக்கம்தான், சிவகங்கை மாவட்டம். 1977லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்களும் கண்மாயை நம்பி விவசாயம் செய்கிறவர்கள்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கம்:
மண் திட்டு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. மனுவை யாருக்குப் போடுவது?

கண்மாய்க்கரை:
ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். பொது இடத்து மரம் என்பதால் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் ஒரு நகல், கலெக்டர்தான் தலைவர். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே போடப் பாருங்கள்.

பறவை பார்க்கும் அக்கா:
மனுவோடு பட்டியலும் வையுங்கள் தம்பி. 'நிறையப் பறவை வருகிறது' என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். எந்தத் தேதி, எந்தப் பறவை, எத்தனை கூடு, தேதியோடு போட்டோ. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் உங்கள் கண்மாய் பெயரிலேயே பதிந்துவிட்டால் யாரும் திறந்து பார்க்கலாம். பொங்கல் சமயத்தில் வருஷாவருஷம் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறதே. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது லகர் வல்லூறு, அழுங்கு, தேவாங்கு என்று பெயர் சொல்லிப் பேச முடிந்தது. 2024ல் அந்தப் பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்து, 2025 ஜனவரியில் ரத்தாகும்வரை நடந்த போராட்டத்திலும் அந்த அறிவிப்பைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டினார்கள். உங்களுடையது சின்னக் கண்மாய், தலம் கிலம் என்று இப்போதே ஆசைப்பட வேண்டாம். ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு காகிதத்திலாவது இருக்கும். ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் அதன் பதிவேட்டில் இந்தக் கொத்தை ஏற்றச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி விவசாயி:
எல்லாம் சரி அக்கா, மயிலுக்கு மட்டும் யாரும் மனு எழுதித் தராதீர்கள். நிலக்கடலை போட்டவன் வயிற்றெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

கொட்டாம்பட்டிப் பக்கம்:
மயில் வேண்டாம் அண்ணே, எங்களுக்கும் அதே கதைதான். எண் போட இன்னும் ஆள் வரவில்லை, விசாரித்துவிட்டேன். அதற்குள் நாட்டு மரங்களை எண்ணி, கொத்து இருக்கும் இடத்தைக் கண்மாய் வரைபடத்தில் குறித்து மனு எழுதுகிறேன். மண் திட்டு போட்ட கண்மாய் போட்டோ யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், சபையில் காட்ட வேண்டும்.